கேள்வித்தாளோடு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை

நாகப்பட்டினம் மாவட்டத்துப் பாலக்குறிச்சி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்குப் பதில் சொல்லிவரும் ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்களை ஆராயத் தொடங்கினார். அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஊர் பாலக்குறிச்சி. 1930-களில் அங்கே மறு ஆய்வு நடந்தது. 2019-இல் இன்னொரு குழு போய் வீடுவீடாகக் கேட்டது. இடையில், 1950-களின் தொடக்கத்தில் கேத்லீன் கஃப், 1960-களின் தொடக்கத்தில் ஆந்த்ரே பெத்தேய் என்று பேர்பெற்ற ஆய்வாளர்கள் தஞ்சைக் கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கினார்கள். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, எந்தத் தெருவுக்குள் யார் போகலாம் என்பதெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகப் பதிவானது இவர்களால்தான். அந்த நூல்கள் ஆங்கிலத்தில் வந்தன. பதில் சொன்ன குடும்பங்களில் அவற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

இன்றும் நடவு முடிந்து ஊர் சற்று ஓய்ந்தால், கையில் டேப்லெட்டோடு யாராவது வருகிறார்கள். ஒருவர் மண் எடுக்கிறார், ஒருவர் ரத்தம் கேட்கிறார், ஒருவர் விதை நெல் ஒரு பிடி கேட்கிறார். ஆய்வு தேவை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இல்லாமல் குறுவைக்கு ஏ.டி.டி. 36-ம் 43-ம் ஏது? ஆனால் தருகிறவர்களுக்கும் உரிமை உண்டு என்பதை வருகிறவர்கள் பல நேரம் சொல்வதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆய்வு அல்ல. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குப் பதில் சொல்வது கடமை; சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது அரசின் கடமை. பல்கலைக்கழகமோ தொண்டு நிறுவனமோ தனியார் நிறுவனமோ நடத்தும் ஆய்வு அப்படியல்ல. மாட்டேன் என்று சொல்லலாம், பாதியில் எழுந்து போகலாம், பிடிக்காத கேள்வியைத் தாண்டிப் போகச் சொல்லலாம். இதனால் ரேஷனோ நூறு நாள் வேலையோ நிற்கும் என்று எவராவது சொன்னால், அது மிரட்டல். தாசில்தாரிடம் புகார் கொடுங்கள்.

எங்கே உட்கார்ந்து பதில் சொல்கிறோம் என்பதும் முக்கியம். பெத்தேய் தம் ஆய்வுக் காலத்தில் அக்கிரகாரத்தில் தங்கினார். அங்கே குடியிருந்துகொண்டு ஆதிதிராவிடர் தெருவில் தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். அது நேர்மையான ஒப்புதல். அறுபது ஆண்டு கழித்தும் அந்தச் சிக்கல் தீரவில்லை. மிராசுதார் வீட்டு வாசலில் நிற்கவைத்து, அவர் காதுபட, “உங்களுக்கு நாள் கூலி எவ்வளவு?” என்று ஒரு விவசாயத் தொழிலாளியைக் கேட்டால் என்ன பதில் வரும்? கணவர் பக்கத்தில் இருக்கும்போது மனைவியிடம் குடும்பக் கடனைக் கேட்டால்? பதிலும் பொய்யாகும், சொன்னவருக்கு வம்பும் வரும். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். பெயரும் ஊரும் வெளியே வராது என்று எழுத்தில் கேளுங்கள். கஃப் தாம் ஆராய்ந்த ஊரைக் ‘கும்பப்பேட்டை’ என்றும் பெத்தேய் ‘ஸ்ரீபுரம்’ என்றும் புனைபெயரில்தான் எழுதினார்கள். அது பழைய வழக்கம், நல்ல வழக்கம். சமூக ஆய்வுகளுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அந்தந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழுதான் காவல். அந்தக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உடம்பு சம்பந்தப்பட்ட ஆய்வில் விதிகள் இன்னும் கடுமை. கும்பகோணம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ராத்திரியில் ரத்தம் எடுக்க வந்தவர்களை நினைவிருக்கும். யானைக்கால் நோயின் கிருமி ரத்தத்தில் இரவில்தான் அதிகம் உலவும். அதனால்தான் அந்த நேரம். அது பொதுச் சுகாதாரப் பணி. மருந்தையோ தடுப்பூசியையோ சோதித்துப் பார்ப்பது வேறு. 2009-இல் ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் ஆய்வு நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றே விசாரணையில் சொல்லப்பட்டது, அந்தத் தடுப்பூசி இன்றும் பயன்படுவதுதான். ஆனால் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் போட்டிருந்தது வெளியே வந்தது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. உங்கள் பிள்ளை விடுதியில் படித்தால் இதை மறக்காதீர்கள். ஆய்வுக்கு ஒப்புதல் தருவது பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ மட்டுமே. ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள்படி, விளக்கத் தாளும் ஒப்புதல் படிவமும் உங்களுக்குப் புரியும் மொழியில், அதாவது தமிழில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கினால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்து, மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் நடத்துபவரே பொறுப்பு. இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அந்தச் சோதனைக்குப் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த இணையதளத்தில் தேடிப் பார்க்கப் பிள்ளைகள் யாரிடமாவது சொன்னால் போதும். பதிவு எண் இல்லாத மருந்துச் சோதனைக்குக் கை நீட்டாதீர்கள்.

விதை விஷயத்தில் நாம் இன்னும் தாராளமாக இருக்கிறோம். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினால் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018-இல் அவர் மறைந்த பின்னும் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் பல வயல்களில் நிற்பது அந்தக் கைமாற்றலால்தான். உழவர்களுக்குள் கொடுப்பது வேறு, ஆய்வகத்துக்குக் கொடுப்பது வேறு. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட ரகம் என்று பெயரிட்ட உறையில் போட்டு விற்பதுதான் கூடாது. தலைமுறையாகக் காத்துவந்த ரகத்தை உழவரோ ஊரோ கட்டணமில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் ரகத்திலிருந்து எவராவது புது ரகம் உருவாக்கிப் பதிவு கேட்டால், மூலம் எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டவர் விதை எடுக்க 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. அந்த ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. ஊராட்சிக்கென்று ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் இருக்க வேண்டும். விதை கொடுக்கும்போது ரகத்தின் பெயர், அளவு, தேதி, வாங்கியவர் கையெழுத்து எல்லாம் உள்ள ஒரு தாளை வாங்கி வையுங்கள்.

வயலில் சோதனைத் திடல் போடக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: விளைச்சல் போனால் நட்டம் யாருடையது? காசு கொடுத்து வாங்கிய விதை ஏமாற்றினால் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இலவசமாக வாங்கிப் போட்ட விதைக்கு அந்த வாதம் நிற்பது கடினம். ஆகவே இழப்பீடு எவ்வளவு என்பதை நாற்று விடும் முன்பே எழுதி வாங்குங்கள்.

நிலத்தடி எரிவாயு எடுக்க வந்த மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்குப் பிறகு, அளவுக் கருவியோடு யார் வயலில் இறங்கினாலும் ஊர் கூடிவிடுகிறது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளையும் துளையிடுதலையும் டெல்டாவில் தடை செய்கிறது. முன்பே நடந்துவந்த பணிகளை அது தொடவில்லை. யார் அனுப்பினார், எந்த ஆணையின்படி என்று கேட்டு, அடையாள அட்டையையும் ஆணை நகலையும் படம் எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்க்கலாம். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு வங்கிப் புத்தகம், ஓ.டி.பி. கேட்பவர் ஆய்வாளரே அல்ல. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

முடிவைத் தெரிந்துகொள்வதும் உங்கள் உரிமை. அரசு நிறுவனம் ஆய்வு செய்திருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம்; முப்பது நாளில் பதில் வர வேண்டும். சிக்கல் பெரிதானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் உதவி தரும். அதற்கான எண் 15100. கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால்தான் இவை எல்லாம் எளிதில் நடக்கும். நகல் தராதவருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.