அகப்பை குடைய ஒரு வளைகத்தி

கடைகளில் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் குவிந்து கிடந்தாலும், கூழ் கிளறவும் களி கிண்டவும் மர அகப்பைக்கு ஈடு இல்லை என்பதை நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். சட்டியின் அடி தேயாது, கையும் சுடாது. சிறிது பொறுமை இருந்தால், அதை ஓய்வு நேரத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால் அதற்குரிய கத்தியைப் பார்த்து வாங்க வேண்டும். கைதானே நமக்கு முதல்? கட்டைவிரலில் ஆழமாக ஒரு வெட்டு விழுந்தால், சில நாள் கூலியும் அதோடு போய்விடுமே!

நம் உளி போதாதா?

அகப்பையின் காம்பையும் வெளி வடிவத்தையும் சாதாரண நேர்கத்தியால் சீவிவிடலாம். குழியைக் குடைய அது உதவாது. சிரட்டை அகப்பைக்கு இயற்கையே குழியைத் தந்துவிடுகிறது. மரத்தில் நாம்தான் தோண்ட வேண்டும். அதற்கென்றே முனை கொக்கிபோல் வளைந்த கத்தி உண்டு. அதுவே வளைகத்தி.

"மரம் சீவும் உளியும் வளைந்ததுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். உளி, மெல்லிய பட்டையை ஒரே சரிவில் சீவுவதற்காக அமைந்தது. மரக்குழியில் அதன் மூலை குத்திக்கொண்டு நின்றுவிடும். அதோடு, கட்டையில் மழுங்கிய உளியை மறுநாள் நிரைக்குக் கொண்டுபோனால் பால்மரத்துக்குக் காயம் படும். பிழைப்புக்கான கருவியை அடுப்படி வேலைக்கு இழுக்காதீர்கள்.

வளைவைப் பாருங்கள்

முதலில் கவனிக்க வேண்டியது வளைவு. கத்தியின் வளைவு, நீங்கள் தோண்டப்போகும் குழியின் வளைவைவிடச் சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். அகன்ற வளைவுள்ள கத்தியைச் சிறு குழிக்குள் விட்டால், அதன் இரு ஓரங்கள் மட்டும் மரத்தில் படும். நடுப்பகுதி தொடவே தொடாது. மிக இறுக்கமான வளைவோ குழியெங்கும் வாய்க்கால் வாய்க்காலாகக் கோடு போடும். முதல் கத்திக்கு நடுத்தர வளைவே நல்லது.

அடுத்து, ஒரு பக்கக் கூரா, இரு பக்கக் கூரா என்று பாருங்கள். இரு பக்கமும் கூருள்ள கத்தியைத் தள்ளியும் வெட்டலாம், இழுத்தும் வெட்டலாம். ஆனால் அதன் முதுகில் விரல் வைத்து அழுத்த முடியாது. புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரு பக்கக் கூர் உள்ளதையே வாங்குங்கள்.

ஒரு பக்கக் கூர் என்றால் வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு வேறொன்று. கடையிலேயே சோதித்துவிடுங்கள். பிடியைக் கையில் பிடித்து, வளைவின் புடைப்பைக் கீழ்நோக்கி வையுங்கள். கூர் உங்களை நோக்கி இருந்தால் அது உங்கள் கைக்குரியது. எதிர்ப்பக்கம் இருந்தால் மற்றக் கைக்குரியது. வீட்டில் இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

பிடி உருண்டையாக இருந்தால் ஈரக் கையில் சுழலும். முட்டை வடிவில், உள்ளங்கை நிறையப் பிடிக்கும்படி இருப்பதே நலம். பிடிக்குள் இரும்பு ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள்.

கூரைப் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. வாயை விளக்கு வெளிச்சத்தில் நேராகப் பிடித்துப் பாருங்கள். விளிம்பில் எங்காவது வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கல். நல்ல கூரில் வெளிச்சம் தங்காது.

சுவீடன் நாட்டின் மோரா என்ற ஊர் கத்திக்குப் பெயர் பெற்றது. 1891ஆம் ஆண்டிலிருந்து அங்கே கத்தித் தொழில் நடத்திவரும் நிறுவனம் இந்த வளைகத்தியையும் செய்கிறது. எங்கே செய்த கத்தியானாலும், துருப்பிடிக்கும் இரும்பு என்றால் நம் நாட்டு ஈரத்தில் ஒரே இரவில் செம்புள்ளி விழும். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள்.

தீட்டுவது உங்களுக்குப் புதிதல்ல

உளி தீட்டிப் பழகிய கைக்கு இது எளிது. வெளிப்பக்கத்தைத் தட்டையான கல்லில் தீட்டலாம். உள்வளைவுக்கு, உருண்டையான குச்சியில் நைசான உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் போதும். கடைசியில் பழைய தோல் இடுப்புவாரில் நாலு தடவை இழுத்தெடுங்கள்.

விரலைக் காப்பாற்றுங்கள்

கத்தியை நம்மை நோக்கி இழுப்பதால் எச்சரிக்கை அவசியம். கட்டைவிரல் குழியின் விளிம்புக்குக் கீழே, கூர் வரும் வழிக்கு விலகி இருக்கட்டும். விரலுக்கு ஒரு தோல் உறை போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. ரேகைக்குக் குறுக்காக, மணிக்கட்டைத் திருப்பிச் சிறு சிறு சீவலாக எடுங்கள். மடியில் வைத்துக் குடைய வேண்டாம். குழியை முதலில் முடித்துவிட்டு, பிறகு முதுகுப்பக்கத்தை மெலிதாக்குங்கள். பிடித்துக்கொள்ள மரம் கெட்டியாக இருக்கும். சிறு பிள்ளைகள் கையில் இந்தக் கத்தியைத் தனியே கொடுத்துவிடாதீர்கள்.

எந்த மரம்?

பச்சை மரமே சுலபமாகக் குடைபடும். பலா நல்லது. மறுநடவுக்காகப் பால்மரங்களைச் சாய்க்கும்போது, நிர்வாகத்தின் அனுமதியோடு ஒரு துண்டு கேட்டு வாங்கலாம். ஒரு காலத்தில் விறகாக எரிந்த இந்த மரம்தான் இப்போது நாற்காலியும் மேசையுமாகக் கப்பலேறுகிறது. ஆனால் போட்டுவைத்தால் சில நாளில் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும், பூச்சியும் துளைக்கும். உடனே குடைந்து, நிழலில் உலர்த்திவிடுங்கள்.

அரளியையும் ரெங்காஸ் மரத்தையும் தொடவே வேண்டாம். அரளி நஞ்சு, ரெங்காஸ் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். பெயர் தெரியாத மரத்தையும் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருள் அல்லவா?

நல்ல கத்தி ஒன்று, தெரிந்த மரம் ஒரு துண்டு, பதற்றமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவை இருந்தால் அடுத்த பொங்கலுக்கு உங்கள் பானையைக் கிளறுவது உங்கள் கையால் செய்த அகப்பையாகவே இருக்கலாம்.