சாங்கியில் படகு, உபினில் சைக்கிள்

சிங்கப்பூரில் நகரத்தையும் கம்போங் எனப்படும் கிராமத்தையும் ஒரே நாளில் சைக்கிளிலேயே பார்த்துவிடலாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கடலோரப் பாதையில் கிளம்பினால் சாங்கி படகுத்துறை வரை மிதிக்கலாம். அங்கே பம்போட் எனப்படும் சிறு படகுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் புறப்படும். சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள், அதற்குத் தனிக் கட்டணம். கொஞ்ச நேரத்தில் புலாவ் உபின் தீவு. முன்பு கருங்கல் வெட்டிய பள்ளங்களில் இப்போது தண்ணீர் நிறைந்து ஏரிபோல் கிடக்கிறது. காட்டுப்பன்றியும் குரங்கும் உலவும் இடம். சைக்கிள் கூடையில் தின்பண்டத்தை விட்டுவிட்டு நகர்ந்தால் திரும்பிவரும்போது அது இருக்காது! தீவிலுள்ள செக் ஜாவா ஈரநிலத்தின் பலகைப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதியில்லை, வெளியே நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போனால் நண்டு, நட்சத்திரமீன் கண்ணில் படும். நகரத்துக்குத் திரும்பியதும் வேக வரம்பு உண்டு: நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25.