குழவியும் தாய்க்கல்லும்: ‘தலித் மடோனா’ ஓவியத்தை வாசித்தல்



நினைவுப் பேருரையில் ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். பீடத்தில் எந்த உருவம் ஏறும், யாருடைய முகம் தெய்வ முகமாக ஏற்கப்படும் என்பது நம் அரசியலைச் சேர்ந்த கேள்விதான். ஆகவே ஜோதி சாஹி வரைந்த ‘தலித் மடோனா’வை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மடோனா என்றால் மாதா, இயேசுவின் தாய் மரியாள்.

சாஹி 1944இல் புனேயில் பிறந்தவர். லண்டனில் கலை பயின்று, பெங்களூருக்கு அருகே சில்வேபுராவில் கலை ஆசிரமம் அமைத்தவர். கிறித்தவக் கதைகளை இந்திய நாட்டார் வடிவங்களில் வரைபவர். இந்த ஓவியம் இன்று பிரிட்டன் மெதடிஸ்ட் திருச்சபையின் நவீன கலைத் தொகுப்பில் இருக்கிறது.

ஓவியத்துக்கு அடிப்படையான வடிவம் நம் வீட்டு ஆட்டுரல். குழி விழுந்த பெரிய கல் தாய். குழிக்குள் பொருந்தும் முட்டை வடிவக் கல் பிள்ளை. பிற மொழியாருக்கு இதை விளக்கித்தான் சொல்லவேண்டும். தமிழிலோ அந்தச் சிறிய கல்லின் பெயரே குழவி. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களுள் ஒன்றாகச் சொல்லும் அதே சொல். ஓவியர் தேடிப்போன குறியீடு நம் அடுப்படியில் முன்பே கிடந்தது.

ஐரோப்பிய மரபோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் மரியாளின் மேலாடைக்குத் தீட்டிய நீலம், ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டிய லாபிஸ் லசூலி கல்லைப் பொடித்துச் செய்தது. விலையில் தங்கத்தோடு போட்டியிட்டது. அங்கே அரிய கல்லை அரைத்து அரசியின் ஆடைக்குப் பூசினார்கள். சாஹியின் ஓவியத்தில் அரைக்கிற கல்லே தாயாகிறது.

விவிலியத்தில் மாவரைப்பது கடைநிலை வேலை. யாத்திராகமம் 11ஆம் அதிகாரத்தில், சிங்காசனத்தில் இருக்கும் பார்வோனுக்கு நேர் எதிர் முனையில் நிற்பவள் ஏந்திரம் அரைக்கும் அடிமைப்பெண். திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது, அது ஒருவரின் ஜீவனையே வாங்குவதாகும் என்கிறது உபாகமம் 24. லூக்கா முதல் அதிகாரத்தில் தன்னை அடிமை என்று சொல்லிக்கொள்ளும் மரியாள், வலியவர் இறங்குவதையும் தாழ்ந்தவர் உயர்வதையும் பசித்தவர் நிறைவதையும் பாடுகிறாள். ஆகவே ஆட்டுரலில் மரியாளைக் காண்பது வெறும் கற்பனை ஆகாது.

‘தலித்’ என்ற சொல்லுக்கு வேர், பிளத்தல் என்று பொருள்படும் ‘தல்’. பருப்பைக் குறிக்கும் ‘தால்’ என்ற வடநாட்டுச் சொல்லும் அதே வேரில் பிறந்தது. உடைபடும் தானியமும் உடைக்கப்பட்ட மக்களும் ஒரே சொல்லில் சேர்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கல் வாய் பேசாது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் நம் பெண்களைப் ‘பொறுமையின் சிலை’ என்று புகழ்ந்தால், அவர்கள் கேட்கும் கூலி யார் காதிலும் விழாது. சாஹி தலித் அல்லர். அவருடைய பரிவை மதிப்போம், ஆனால் அதோடு நிறைவடைய முடியாது. சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் பறையைக் கிறிஸ்துவின் குறியீடாக வாசித்தார். மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நாம் அறிந்த பறட்டை அண்ணன், நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஆட்டுரல் உழைப்பைச் சொல்கிறது. பறை உரிமைக்குரலைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

குறியீடு மாறினால் போதுமா? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு கட்டிப்போட்டது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத் தலித்துகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மதம் மாறியதால் சாதி போய்விட்டது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், இறந்த பிறகும் தலித்துகளைப் பிரித்து நிற்கும் சுவர் அதற்குப் பதில் சொல்கிறது.

தாயும் பிள்ளையுமாக இருக்கும் ஆட்டுரலும் கல்தான். அந்தச் சுவரும் கல்தான். தலித் மாதாவைத் திருச்சபை ஏற்குமானால், அவளுடைய பிள்ளைகளைச் சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்க முடியாது. அவளுடைய தேர் நம் தெருவுக்கு வராமல் திரும்பவும் முடியாது.