‘இன்ட்ரஸ்டட் சார்’ மட்டும் போதாது

லிங்க்ட்இனில் ஒரு நிறுவனம் ‘ஆள் தேவை’ என்று போட்ட கொஞ்ச நேரத்திலேயே கீழே வரிசை கட்டிவிடுகிறது: ‘இன்ட்ரஸ்டட்’, ‘இன்ட்ரஸ்டட் சார்’, ‘ப்ளீஸ் செக் டி.எம்.’ நடுநடுவே ‘சி.எஃப்.பி.ஆர்.’ (கமென்ட் ஃபார் பெட்டர் ரீச்) என்றும் வரும். பதிவு நாலு பேர் கண்ணில் படட்டும் என்று வேலை தேடுபவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி அது. நல்ல மனசுதான். ஆனால் நூற்றுக்கணக்கில் குவியும் இந்த வரிசையை ஒரு ஹெச்.ஆர். அதிகாரி கடைசிவரை படிப்பார் என்று நம்ப முடியாது. வேண்டிய திறமை, ஊர், அனுபவம் மூன்றையும் தட்டித் தேடி, வருகிற ப்ரொஃபைல்களைத்தான் அவர் புரட்டுகிறார்.

ஆகவே பெயருக்குக் கீழே வரும் அந்த ஒற்றை வரிதான் முக்கியம். ‘நல்ல வாய்ப்புக்குக் காத்திருக்கிறேன்’ என்று யாரும் தேடுவதில்லை. ‘டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், கணக்காளர், திருப்பூர்’ என்று இருந்தால் தேடுபவர் கையில் சிக்கும். செய்தி அனுப்பும்போதும் அப்படித்தான்: “வணக்கம் மேடம், கணக்காளர் வேலை பற்றிய உங்கள் பதிவைப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் இரண்டு வருடமாக ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறேன். ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன்.” இவ்வளவு போதும்.

2020-ல் வந்த ‘ஓப்பன் டு வொர்க்’ பச்சை வளையத்தை ப்ரொஃபைல் படத்தில் போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை. இப்போது வேலையில் இருப்பவர்கள் வளையம் இல்லாமல், வேலை தேடுவதை ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். ஆனாலும் சொந்த நிறுவனத்துக்குத் தெரியவே தெரியாது என்று லிங்க்ட்இனே உத்தரவாதம் தருவதில்லை.

நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. மூன்று சுற்று இன்டர்வியூ நடத்திவிட்டு, வாய் திறக்காமல் இருப்பது அநியாயம். ‘இல்லை’ என்று ஒரு வரி அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

இதே தளங்களில்தான் மோசடிக்காரர்களும் வலை விரிக்கிறார்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சமூக வலைத்தளங்களில் விளம்பரம் செய்து, இளைஞர்களை மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைப்பதாக 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் ஏஜென்டுக்கு 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அது இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம்.

‘ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’, ‘லேப்டாப் டெபாசிட்’ என்று யாராவது கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் கட்டி ஏமாந்துவிட்டால், வீட்டில் சொல்லத் தயங்கி நாளைக் கடத்தாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.