ஆயா கையில் மர்மக் கதை!

பெரிய காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். அங்கே ஒரு நெசவாளர் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை நேரம். தறிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. திண்ணையில் ஓர் ஆயா உட்கார்ந்திருக்கிறார். (இந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்.) மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். கையில் ஒரு புத்தகம்.

அது கந்தர் சஷ்டி கவசம் அல்ல. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேத்தி, நூலகத்திலிருந்து கொண்டு வந்த மர்மக் கதை!

"இந்த வயதில் இது என்ன விளையாட்டு?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? விளையாட்டு அல்ல. இதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது.

மனப்பாடம் செய்த எழுத்து

இந்த ஆயா சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. அந்த வயதில் அவருக்குத் தார் சுற்றும் வேலை இருந்தது. 1990-களில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் நடந்தது. தெருவிளக்கின் அடியிலும் கோவில் மண்டபத்திலும் வகுப்புகள் நடந்தன. பகலில் உழைத்த பெண்கள் இரவில் "அ, ஆ" எழுதினார்கள். முப்பது வயதைத் தாண்டி எழுத்துக் கூட்டக் கற்றவர் நம் ஆயா.

அதன் பிறகு அவர் படித்தது என்ன? கந்தர் சஷ்டி கவசம். தினமும் அதேதான். கண் புத்தகத்தின் மேல் இருக்கும். வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போகும். பக்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது படிப்பு ஆகுமா? ஒரு பக்கத்தை மாற்றி வைத்தால்கூட வாய் நிற்காதே!

எழுதப் படிக்கக் கற்றவர்களுக்குக் காத்திருக்கும் ஆபத்து இதுதான். பழக்கம் விட்டுப் போனால் கற்ற எழுத்தும் மெல்ல மெல்லக் கையை விட்டுப் போய்விடும்.

மர்மக் கதையை மனப்பாடமாகச் சொல்ல முடியாது. அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிய வேண்டுமானால் படித்துத்தான் ஆக வேண்டும்!

பெரியவர்கள் முகம் சுளித்த புத்தகங்கள்

துப்பறியும் கதை தமிழுக்கு வந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. காஞ்சிக்குத் தென்மேற்கே இன்னொரு பட்டு ஊர் இருக்கிறதே, ஆரணி, அந்த ஊரைப் பெயரிலேயே சுமந்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். மேல்நாட்டுத் துப்பறியும் கதைகளைத் தமிழ் உடை உடுத்தி உலவவிட்டவர். ஜே. ஆர். ரங்கராஜு, கோவிந்தன் என்ற துப்பறிவாளனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் "திகம்பர சாமியார்" 1950-ல் படமாக வந்தது. எம். என். நம்பியார் அதில் பல வேடங்களில் வந்தார்.

படித்தவர்களில் பலர் இந்தப் புத்தகங்களைக் கண்டு முகம் சுளித்தார்கள். வீட்டுப் பெண்களோ சமையல் அறையில் ஒளித்து வைத்துப் படித்தார்கள்.

அவர்களுக்காகவே எழுதிய பெண் ஒருவரும் இருந்தார். வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. எழுதப் பழகாத காலத்தில் அவர் கதையைச் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார்! அவரே பிறகு "ஜகன்மோகினி" பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். அவற்றில் துப்பறியும் கதைகளும் உண்டு.

பிறகு இளைஞர்களின் காலம் வந்தது. "கல்கண்டு" ஆசிரியர் தமிழ்வாணன் படைத்த சங்கர்லாலுக்குத் தேநீர் என்றால் உயிர். அந்தக் கதைகளைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து, வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள் இன்று தாத்தாக்கள். தங்கள் பேரன் மர்மக் கதை படித்தால் அவர்களில் சிலர் கோபிக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை!

வந்தவர் யார்?

மர்மம் காஞ்சிபுரத்துக்குப் புதிதா? ஏகாம்பரநாதர் கோவிலுக்கும் காமாட்சியம்மன் கோவிலுக்கும் நடுவே குமரகோட்டம் இருக்கிறது. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியது அங்கேதான். முதல் பாட்டின் முதல் சொல்லிலேயே தகராறு! "இப்படிப் புணர்வதற்கு இலக்கணம் காட்டுங்கள்" என்றார்கள் சபையில் இருந்த புலவர்கள். கச்சியப்பர் திகைத்தார். மறுநாள் சோழநாட்டிலிருந்து ஒரு புலவர் வந்தார். வீரசோழியம் என்ற இலக்கண நூலைப் பிரித்து விதியைக் காட்டினார். சபை அடங்கியது. வந்தவர் மறைந்துவிட்டார்.

வந்தவர் யார்? முருகனே என்கிறது தல வரலாறு. சந்தேகம், சாட்சி, முடிவில் ஒரு திடுக்கிடும் உண்மை. ஒரு துப்பறியும் கதைக்கு வேறு என்ன வேண்டும்? ஆயா இந்தக் கதையைப் பேத்திக்கு எத்தனையோ முறை சொல்லியிருப்பார்.

பேத்தி கொண்டு வந்த புத்தகம் வங்காளக் கதை. "பதேர் பாஞ்சாலி" படத்தை எடுத்த சத்யஜித் ராய் எழுதியது. 1965-ல் "சந்தேஷ்" என்ற சிறுவர் பத்திரிகையில் அவர் ஃபெலூடா என்ற துப்பறிவாளனை அறிமுகம் செய்தார். இளம் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதற்காகவே விரசம் கலக்காமல் எழுதினார். ஃபெலூடா கதைகளை வீ. பா. கணேசன் தமிழில் தந்திருக்கிறார்.

ஆயா கையில் இருப்பது 1971-ல் வந்த "சோனார் கெல்லா" கதை. பொற்கோட்டை என்று பொருள். ஒரு சிறுவனுக்கு முன்பிறவி நினைவு வருகிறது. தங்கக் கோட்டை ஒன்றைப் பற்றிச் சொல்கிறான். அங்கே புதையல் இருக்கும் என்று பேராசைக்காரர்கள் அவனைத் துரத்துகிறார்கள். கல்கத்தாவில் தொடங்கும் கதை ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போகிறது.

முதல் இரண்டு பக்கம் ஆயாவுக்குப் பிடிபடாது. எல்லாம் வாயில் நுழையாத வங்காளப் பெயர்கள். எழுத்தும் பொடி எழுத்து. (புதிதாகப் படிப்பவர்களுக்காகப் பதிப்பாளர்கள் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?) ஆனால் முன்பிறவி என்றதும் ஆயா நிமிர்ந்து உட்காருவார். புராணத்தில் பார்க்காத முன்பிறவியா! ரெயிலில் ஒரு மர்மக்கதை எழுத்தாளர் வந்து சேருகிறார். அவருடைய புனைபெயர் ஜடாயு! இராமாயணம் கேட்டவருக்கு ஜடாயுவை அறிமுகம் செய்ய வேண்டுமா? ஆனால் இந்த ஜடாயு தன் கதைகளில் தப்பும் தவறுமாக எழுதுவார், ஃபெலூடா திருத்துவான். ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தவர் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்.

நூல் உருண்டை

தறிக்காரர் வீட்டுக் கண்ணுக்கு இந்தக் கதை எளிதில் பிடிபடும். காஞ்சிப் பட்டில் கரையையும் உடலையும் கோர்வையாக நெய்வார்கள். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஓர் இழை அறுந்தாலும் நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். கவனிக்காமல் விட்டால் சேலை காட்டிக் கொடுத்துவிடும். மர்மக் கதையும் அப்படித்தான். பத்தாவது பக்கத்தில் போகிற போக்கில் சொன்ன ஒன்று, நூறாவது பக்கத்தில் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும். "இதை ஏன் சொன்னான்?" என்று ஆயா பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். கவசத்தில் ஒருநாளும் அவர் திருப்பிப் பார்த்ததில்லை.

துப்புக்கு ஆங்கிலத்தில் "குளூ" என்பார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் என்ன தெரியுமா? நூல் உருண்டை! கிரேக்கப் பழங்கதையில் தீசியஸ் என்ற வீரன், போனவர் திரும்ப முடியாத சிக்கல் மாளிகைக்குள் நுழைகிறான். நூலைப் பிரித்து விட்டுக்கொண்டே போகிறான். அதே நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறான். தமிழில் நூல் என்றால் இழை. நூல் என்றால் புத்தகம்.

நமக்குப் பழக்கம் இல்லாத புத்தகத்தை எடுப்பது காஞ்சிக்காரர்களுக்கு அதிசயம் அல்ல. நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்த அண்ணா பகுத்தறிவுவாதி. மருத்துவமனையில் இருந்தபோது, மேரி கொரெல்லி எழுதிய "மாஸ்டர் கிறிஸ்டியன்" என்ற நாவலைப் படித்து முடிப்பதற்காக அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொன்னார் என்று சொல்வதுண்டு. அது ஏசுநாதரைப் பற்றிய கதை!

திண்ணைக்கு வருவோம். இருட்டிவிட்டது. கதையில் இன்னும் இருபது பக்கம் பாக்கி. பேத்தி ஏற்கெனவே படித்து முடித்தவள். பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

"ஆயா, திருடன் யாருன்னு சொல்லிடட்டுமா?"

"வாயைத் திறந்தே, தெரியும் சேதி! போய் விளக்கைப் போடுடி."