நாலு கோடு காட்டுது, நெட் ஏன் சுத்துது?

ஒரே சாலையில் எதிரெதிராக இரண்டு விளம்பரப் பலகைகள். ஒன்று ‘நாட்டின் அதிவேக நெட்வொர்க்’ என்கிறது, மற்றது ‘நாட்டின் நம்பர் ஒன் கவரேஜ்’ என்கிறது. இரண்டுமே பொய்யாக இருக்க வேண்டியதில்லை. யார் அளந்தார்கள், எந்த மாதங்களில், எந்த அளவுகோலில் என்பதெல்லாம் கீழே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்தப் பலகைக்கு நேர் கீழே, பழக்கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்துவிட்டு ஒருவர் நிற்கிறார். போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. “நெட்டு சுத்துதுண்ணே, ஒரு நிமிஷம்.” பணம் அனுப்பச் சில கிலோபைட் டேட்டா போதும். நாட்டின் அதிவேக நெட்வொர்க்கால் அந்தச் சில கிலோபைட்டைக் கடத்த முடியவில்லை.

டவர் எட்டுகிறதா, எட்டிய டவரில் எவ்வளவு வேகம் வருகிறது, அது எல்லா நேரமும் வருகிறதா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒரு கம்பெனி முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் கோட்டை விடலாம். விளம்பரங்கள் முதல் இரண்டைப் பற்றியே பேசுகின்றன. அன்றாடம் நம்மைப் படுத்துவது மூன்றாவது.

முதலில் அந்தக் கோடுகளைப் பார்ப்போம். போனின் மேல் ஓரத்தில் தெரியும் நாலைந்து கோடுகளுக்கு உலகப் பொது அளவு எதுவும் கிடையாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதைப் போன் தயாரிப்பாளரும் நெட்வொர்க் கம்பெனியும் தங்கள் வசதிப்படி வைத்துக்கொள்கிறார்கள். 2010இல் ஐபோன் 4 வந்தபோது, கையில் பிடிக்கும் விதத்தைப் பொறுத்துச் சிக்னல் விழுகிறது என்று பெரிய ரகளை ஆனது. அப்போது ஆப்பிள் ஒரு விளக்கக் கடிதம் வெளியிட்டது. எத்தனை கோடு காட்டுவது என்று தாங்கள் போட்ட கணக்கே முழுக்கத் தவறு, பல இடங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்று அதில் ஒப்புக்கொண்டது. ஆண்ட்ராய்டின் கதை இன்னும் சுவாரசியம். நெட்வொர்க் கம்பெனி விரும்பினால் உள்ளதைவிட ஒரு கோடு கூட்டிக் காட்டும் வசதி, அதன் நிரலிலேயே ஒரு அமைப்பாக இருக்கிறது. ஆகவே இரண்டு பேர் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “உனக்கு ரெண்டு, எனக்கு நாலு” என்று பேசுவதில் பெரிதாக அர்த்தமில்லை.

கோட்டுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான எண்ணைப் பார்க்க வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய் சிம் நிலையைத் திறந்தால், -87 டிபிஎம் என்பதுபோல ஒரு மைனஸ் எண் இருக்கும். சைபரை நோக்கி வர வர சிக்னல் பலம். 4ஜியில் -80 நல்ல நிலை, -100 சுமார், -115ஐத் தாண்டினால் திண்டாட்டம். இது மடக்கை அளவு என்பதால் எண்ணில் சிறிதாகத் தெரியும் வித்தியாசம் உண்மையில் பெரிது. பத்து குறைந்தால் சக்தி பத்தில் ஒன்றாகிவிடும், இருபது குறைந்தால் நூறில் ஒன்று. வாசலில் -85 காட்டும் போன், இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டிய சமையலறையில் -105 காட்டினால், சிக்னலில் 99 சதவீதத்தைச் சுவர்கள் விழுங்கிவிட்டன என்று பொருள். அந்த -100 என்ற எண் குறிக்கும் சக்தி, ஒரு வாட்டில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு அது வீடியோ காட்டுகிறதே என்பதுதான் ஆச்சரியம்.

சரி, நிஜமாகவே -80 இருக்கிறது, ஆனாலும் நெட் நகரவில்லை. ஏன்?

டவர் பொதுத் தொட்டி. 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இரண்டு ஆன்டெனாவும் கொண்ட 4ஜி ஏட்டுக் கணக்கில் 150 எம்பிபிஎஸ் தரும். ஒரு டவர் பொதுவாக மூன்று திசைகளாகப் பிரிந்திருக்கும். அதில் உங்கள் திசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இந்த அளவு. கல்யாணப் பந்தியில் ஒரே சாம்பார் வாளியோடு ஒருவர் பரிமாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இலை கூடினால் கிடைப்பது குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். கோடியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பரிமாறப் போய்வரும் நேரத்தில் நடுப் பந்தியும் காத்திருக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. சிக்னல் மங்கலாக இருக்கும் போனுக்குச் செய்தியை மெதுவாக, பிழை திருத்தக் குறிகள் நிறையச் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் அதே ஒரு நிமிட வீடியோவுக்கு அது டவரின் நேரத்தைப் பல மடங்கு எடுத்துக்கொள்கிறது. அந்தப் போனுக்கு உரியவரின் வீட்டுச் சுவர் உங்கள் வேகத்தையும் குறைக்கிறது.

இதன் கணிதத்தை 1948இலேயே எழுதிவிட்டார் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன். ஒரு வழித்தடத்தில் எவ்வளவு தகவல் போகும் என்பது அலைவரிசையின் அகலத்தையும், இரைச்சலைவிடச் சிக்னல் எத்தனை மடங்கு என்பதையும் பொறுத்தது என்றார். அகலத்தை இரட்டிப்பாக்கினால் கொள்ளளவும் இரட்டிப்பாகும். சிக்னலை இரட்டிப்பாக்கினால் கொஞ்சம்தான் கூடும். ஸ்பெக்ட்ரம் ஏலத்தில் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான கோடிகளைக் கொட்டுவதற்கு இதுவே காரணம். 5ஜியின் வேகத்துக்கும் பெருமளவு இதுவே காரணம். 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் 3,300 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் ஜியோவும் ஏர்டெல்லும் வாங்கியது ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு 100 மெகாஹெர்ட்ஸ், மேலே சொன்ன 4ஜி தடத்தைப் போல ஐந்து மடங்கு அகலம்.

இன்னொரு காரணம் நாம் நினைத்தே பார்க்காதது. 4ஜியில் டவர் நாற்பது வாட் அளவுக்குக் கத்தும், போன் பொதுவாக 0.2 வாட்தான். கோடுகள் டவரின் குரலை மட்டும் அளக்கின்றன. எல்லையில் நிற்கும்போது டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்காது. கோடு இருந்தும் கால் போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கவரேஜுக்கு வருவோம். ‘99 சதவீதம்’ என்று எந்தக் கம்பெனி சொன்னாலும், எதில் 99 என்று கேட்க வேண்டும். அது பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கு, நிலப்பரப்புக் கணக்கு அல்ல. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் குடியிருக்கவில்லை. அங்கே டவர் கிடைக்காவிட்டாலும் சதவீதம் குறையாது. டயர் வெடித்து நிற்கும் கார்க்காரருக்குத்தான் அந்தக் கணக்கின் ஓட்டை தெரியும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி இப்போது கம்பெனிகள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் போட்டிருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வண்ணம் ஒவ்வொரு தெருவிலும் போய் அளந்து தீட்டியது அல்ல, கணித மாதிரியால் ஊகித்தது. இத்தகைய மாதிரிகளின் மூதாதை ஜப்பானியர். ஒகுமுரா என்ற பொறியாளரும் குழுவினரும் டோக்கியோ பகுதியில் அளந்து 1968இல் வளைகோடுகளாக வெளியிட்டதை, 1980இல் ஹாடா என்பவர் சூத்திரமாக்கினார். இன்றைய மென்பொருள்கள் மலையின் உயரம், கட்டடங்களின் அடர்த்தி எல்லாம் சேர்த்து அதைவிட நுட்பமாகக் கணக்கிடுகின்றன. ஆனாலும் உங்கள் வீட்டுப் படுக்கையறை அதற்குத் தெரியாது. வரைபடத்தில் பச்சை என்றால் வீதியில் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்வதே உத்தமம்.

சுவரைத் துளைப்பதில் அதிர்வெண்ணுக்குப் பங்கு உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 3,300 வரிசை அலை வேகத்துக்கு ராஜா, சுவரிடம் கோழை. மொட்டை மாடியில் 5ஜியில் பறக்கும் போன் படியிறங்கினால் 4ஜிக்குத் தாவுவது இதனால்தான். 700ஐயும் 5ஜிக்கு வைத்திருக்கும் ஜியோவுக்கு வீட்டுக்குள் இது ஒரு சாதகம், ஆனால் அதன் அகலம் வட்டத்துக்கு 10 மெகாஹெர்ட்ஸ்தான். எட்டும் அலையில் வேகம் குறைவு, வேகமான அலை எட்டுவதில்லை.

கடலில் கணக்கே வேறு. மறைக்க மலையும் இல்லை, மாடியும் இல்லை. பூமியின் வளைவுதான் எல்லை. 40 மீட்டர் டவர் ஒன்றின் அலை கடல் மட்டத்தில் ஏறக்குறைய 26 கிலோமீட்டர் வரை பார்வையில் இருக்கும், படகில் போனை உயர்த்திப் பிடித்தால் இன்னும் கொஞ்சம். பழைய 2ஜிக்கு இன்னொரு விசித்திர எல்லை உண்டு. ஒவ்வொரு போனும் தனக்கு ஒதுக்கிய நேரத் துண்டுக்குள் பேசி முடிக்க வேண்டும். தூரத்தால் வரும் தாமதத்தை ஈடுகட்ட டவர் வைத்திருப்பது 64 படிகள். அது 35 கிலோமீட்டரில் தீர்ந்துவிடுகிறது. அதற்கு அப்பால் சிக்னல் எவ்வளவு பலமாக வந்தாலும், சாதாரண 2ஜி டவரில் கால் இணையாது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றவர்களில் பலருக்கு இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்புக் குறுஞ்செய்தி வந்ததும் இதே தடையற்ற கடலால்தான். அங்கே போகும்போது ரோமிங்கை அணைத்துவைப்பது பர்ஸுக்கு நல்லது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் அது தேவைக்கு மேல் கொண்டாடப்படுகிறது. நெட்ஃபிளிக்ஸ் கேட்பது ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கே 15தான். ஆறு அங்குலத் திரையில் 300க்கும் 30க்கும் வித்தியாசம் தெரிவது பெரிய ஃபைல் இறக்கும்போது மட்டுமே. வேகப் பட்டியல்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1இல் அறிமுகமானது. இணைய வேகத்தை அளக்கும் ஊக்லாவின் உலகப் பட்டியலில் 2022 செப்டம்பரில் 118ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2023 ஜனவரியில் 69க்கு ஏறியது. புதுப் போன் வாங்கியவர்கள் ஆசையாக வேகத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள், பட்டியலும் அப்படிச் சோதித்தவர்களைக் கொண்டே உருவாகிறது. அதே ஜனவரியில் 5ஜி எட்டாத ஊரில் பழைய போன் வைத்திருந்தவரின் நிலை அந்த ஏற்றத்தில் தெரியாது. சோதனைச் செயலி பேசுவது பெரும்பாலும் அருகில் இருக்கும் சர்வரோடு, சில சமயம் அது அதே கம்பெனியின் வலைக்குள்ளேயே இருக்கும். நாம் பார்க்கும் வீடியோ அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று உத்தரவாதமில்லை.

நம்பகத்தன்மை என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்குப் பாடம் நடத்தியது 2018. அந்தப் பிப்ரவரியில் ஏர்செல் போன்கள் திடீரென்று ஊமையாயின. 1999இல் இங்கேயே தொடங்கி, பல ஆண்டுகள் இங்கே முன்னணியில் இருந்த கம்பெனி அது. அலைவரிசையும் போனும் பழுதாகவில்லை. கடனில் மூழ்கிய கம்பெனிக்கும் டவர் நிறுவனத்துக்கும் இடையிலான நிலுவைத் தகராறில் டவர்கள் அணைந்தன. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் அதற்கான குறியீட்டைப் பெற எஸ்எம்எஸ் அனுப்பக்கூடச் சிக்னல் இல்லை. ஏர்செல் அலுவலகங்களில் கூட்டம் முற்றுகையிட்டது. மாத முடிவில் கம்பெனி திவால் மனுப் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்து, டெல்டாவில் மின்கம்பங்களைச் சாய்த்தது. டவர் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர், அதற்கு டீசல், டீசல் வர சாலை. எந்தக் கம்பெனியின் வேகப் பட்டியலிலும் இந்தச் சங்கிலி இடம்பெறுவதில்லை.

இரண்டு சிம் வைத்திருக்கிறேன், எனக்குக் கவலையில்லை என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே டவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஏர்டெல்லும் விஐயும் பெருமளவு இண்டஸ் டவர்ஸ் நிறுவனத்தின் டவர்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பேட்டரி செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பிஎஸ்என்எல்லுக்குச் சொந்த டவர்கள் அதிகம் என்பதால், வேகம் எப்படி இருந்தாலும் இரண்டாவது சிம்மாக அதற்கு என் ஓட்டு.

டிராயின் விதியில் பாதியில் அறுந்துபோகும் கால்கள் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் அதைப் பார்ப்பது வட்டம் முழுவதற்கும் சேர்த்து. தமிழ்நாடு வட்டம் என்பது சென்னையும் புதுச்சேரியும் சேர்ந்த மொத்தம். கல்வராயன் மலையில் ஓர் ஊரில் பாதி கால்கள் அறுந்தாலும் அந்த மொத்தத்தில் அது தெரியாமல் போகலாம். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், ஒரு மாவட்டத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. 24 மணி நேரத்தைத் தாண்டினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. முன்னேற்றம்தான், ஆனால் அளவுகோல் மாவட்டம். உங்கள் தெரு மட்டும் மூன்று நாள் இருட்டில் கிடந்தால் அது இந்தக் கணக்கில் வராது.

ஆகவே ஒப்பிட வேண்டிய இடம் நீங்கள் புழங்கும் நாலைந்து இடங்கள்தான்: படுக்கையறை, வேலை செய்யும் இடம், தினமும் போகும் பஸ் ரூட், சொந்த ஊர். நேரம், ஊரே போனை நோண்டும் இரவு ஒன்பது மணி. காலை ஆறு மணிக்கு எல்லா நெட்வொர்க்கும் நல்ல நெட்வொர்க்தான். ஒரே தடவை வந்த உச்ச வேகத்தை விட்டுவிட்டு, பல தடவை சோதித்ததில் மோசமானவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் 200 காட்டி நாலு தடவைக்கு ஒரு தடவை 0.3க்கு விழும் நெட்வொர்க்கைவிட, எப்போதும் 12இல் நிற்பது மேல். வேகத்துக்குப் பக்கத்தில் ‘பிங்’ என்று மில்லிசெகண்டில் வரும் எண்ணையும் பாருங்கள். நூறைத் தாண்டிக் குதித்தால் வீடியோ காலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

எண்ணை மாற்றாமல் கம்பெனி மாற 1900க்கு ‘போர்ட்’ என்று எழுதி உங்கள் எண்ணையும் சேர்த்து எஸ்எம்எஸ் அனுப்பி, பதிலாக வரும் குறியீட்டைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்தால், அதே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். ஆனால் மாறிய பிறகு 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும். அதனால் போகிற கம்பெனியின் புது ப்ரீபெய்டு சிம் ஒன்றை வாங்கி, இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, அதன் 28 நாள் ரீசார்ஜ் தீரும்வரை வீட்டில் எல்லா மூலையிலும் சோதித்துவிட்டு அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்புங்கள்.