இந்தப் பேச்சு எந்த ஊர்ப் பேச்சு?



கிழக்குக் கரையில் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்வது நெடுங்கால வழக்கம். அதனால் பாண்டிருப்பில் உள்ள எங்கள் வீட்டிலும் மகள்வழிப் பேரப்பிள்ளைகளின் ஆரவாரத்துக்கு நடுவேதான் என் வாசிப்பும் எழுத்தும் நடக்கின்றன. ஒருநாள் மூத்த பேரன் கணினி விளையாட்டொன்றில் மூழ்கியிருந்தான். திரையில் ஒரு பெண் போர் செய்துகொண்டே ஆங்கிலம் பேசினாள். "அம்மப்பா, இவ எந்த ஊர்ப் பொம்புள? இந்தியாக்காரி மாதிரியும் இரிக்கு, இல்லாத மாதிரியும் இரிக்கு" என்று கேட்டான்.

இருவருமாகத் தேடிப் பார்த்தோம். 2016இல் வெளிவந்த 'ஓவர்வாட்ச்' என்ற அமெரிக்க விளையாட்டு அது. அந்தப் பாத்திரத்தின் பெயர் சிமெட்ரா. கதைப்படி அவளுடைய இயற்பெயர் சத்யா வஸ்வானி. பிறந்த ஊர் ஹைதராபாத். வஸ்வானி என்பது சிந்தி மக்களின் குடும்பப் பெயர். ஹைதராபாத்தோ தெலுங்கும் உருதும் வழங்கும் நகரம். அவள் இடையிடையே சொல்வது இந்தி. குரல் கொடுத்தவர் அஞ்சலி பீமானி என்ற அமெரிக்க நடிகை. இத்தனையும் ஒரு வாயில் சேர்ந்தால் அந்தப் பேச்சுக்கு ஊர் எது? பேரன் சிரித்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தான். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி பழைய ஞாபகம் ஒன்றைக் கிளறிவிட்டது.

2000ஆம் ஆண்டு 'தெனாலி' திரைப்படம் வெளிவந்தது. அதிலே கமல்ஹாசன், எதைக் கண்டாலும் அஞ்சும் ஓர் இலங்கைத் தமிழராக வந்தார். என்னோடு அமர்ந்து படம் பார்த்தவர் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர். இடைவேளையில் நான் அவரிடம், "உங்கட பேச்சை நல்லாத்தான் பிடிச்சிருக்கிறார்" என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். "இது எங்கட பேச்சில்லை, உங்கட பக்கத்துப் பேச்சாக்கும் எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றார். இருவருமே அந்தப் பேச்சை மற்றவர் ஊரில் தள்ளிவிடப் பார்த்தோம் என்பதே உண்மை.

அது எந்த ஊர்ப் பேச்சு? படத்தின் வசனத்தைச் சென்னையில் இருந்து எழுதியவர் கிரேசி மோகன். இலங்கைப் பேச்சைப் பழக்கிக்கொள்ளக் கமலுக்கு உதவியவர் நம் எல்லோருக்கும் குரலால் அறிமுகமான கொழும்பு ஒலிபரப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத். பேசி நடித்தவர் பரமக்குடியிலே பிறந்தவர். என் செவிக்கு அதில் யாழ்ப்பாணச் சாயலே மேலோங்கிக் கேட்டது. ஆனால் மேடை நாடகத்துக்குரிய ஒரு நிதானமும் அதில் கலந்திருந்தது. தமிழகத்து ரசிகர் 'இலங்கைத் தமிழ்' என்று ஒரே பெயரால் அறிந்துகொள்ளும்படி அமைத்த பேச்சு அது. அதற்கு ஊர் தேடினால் கிடைக்காது.

ஒரு பேச்சின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி? மொழியியலாளர்களுக்கு நுட்பமான வழிகள் உண்டு. சாதாரண செவிக்கு எட்டக்கூடிய சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் 'ஒன்று', 'மூன்று' என்ற எண்ணுப் பெயர்களைக் கவனியுங்கள். தமிழகத்தில் அவை 'ஒண்ணு', 'மூணு' ஆகும். வடக்கிலும் கிழக்கிலும் 'ஒண்டு', 'மூண்டு' என்போம். அவர்களுடைய 'ஆமா' நமக்கு 'ஓம்'. ஆனால் மலையகத்துத் தோட்டங்களில் 'ஆமா'வும் 'ஒண்ணு'ம் சாதாரணமாகக் கேட்கும். ஆகவே 'ஓம்' என்று சொல்லாதவர் இலங்கையர் அல்லர் என்று முடிவு கட்டிவிட முடியாது.

அடுத்து, வினைச்சொல் எப்படி முடிகிறது என்று கேளுங்கள். 'அவை வருகினம்', 'சொல்லுகினம்' என்றால் அது யாழ்ப்பாணம். நாங்கள் 'வாறாங்க', 'சொல்றாங்க' என்போம். 'உது', 'உவன்' என்று, அண்மைக்கும் சேய்மைக்கும் நடுவிலுள்ளதைச் சுட்டும் பழைய உகரச் சுட்டு யாழ்ப்பாணப் பேச்சில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. அங்கே 'இஞ்சை வா' என்று ஐகாரம் நிற்கும். இங்கே 'இஞ்ச வா' என்று அகரமாகிவிடும்.

கிழக்குக்கு உரிய சொற்களும் உண்டு. 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்போம். உரிமையோடு பேசும்போது 'என்னகா', 'வாகா' என்று 'கா' போட்டு அழைப்போம். திரும்பிப் போ என்பதற்குக் 'கிறுகிப் போ' என்போம். வயல்வெளி எங்களுக்கு 'வட்டை'. தமிழ்ப் பேச்சு வழக்குகள் எல்லாவற்றிலும் எழுத்து மொழிக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புப் பேச்சே என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் கருதினார். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலைத் தந்தார். இவ்வளவு இருந்தும், சென்னையில் ஒரு புத்தகக் கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க சிலோன்னு சொல்றீங்க, ஆனா தெனாலி மாதிரிப் பேசலையே?" என்று சந்தேகப்பட்டார். என் ஊரை நிரூபிக்க என் வாய்மொழி போதவில்லை. ஒரு சினிமாப் பாத்திரத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது! படத்தில் வராத பேச்சு உலகத்திலேயே இல்லாத பேச்சாகிவிடும் அபாயத்தை அன்றுதான் உணர்ந்தேன்.

பேச்சு காட்டுவது ஒருவர் வளர்ந்த சூழலை, அல்லது அவர் பழகி எடுத்த பயிற்சியை. பிறப்பை அது காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதற்கு நம் வானொலியே நல்ல சான்று. எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகள்' தொடரை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. முஸ்லிம் பேச்சுப் பேசிய மரிக்கார், ராம்தாஸ். ஐயராக வந்தவர் அப்துல் ஹமீத். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக ராஜகோபாலும், சிங்களச் சாயலில் தமிழ் பேசும் உபாலியாகச் செல்வசேகரனும் வந்தார்கள். குரலை மட்டும் நம்பிய நேயர் யார் யாரென்று எப்படி அறிவார்?

பிற்காலத்து உதாரணம் ஒன்று. 2015இல் கான் திரைப்பட விழாவின் உயர் விருதான தங்கப் பனையை வென்ற 'தீபன்' பிரெஞ்சுப் படத்தில், ஒருவருக்கொருவர் அந்நியரான மூவர் ஒரே குடும்பமென நடித்து ஐரோப்பாவுக்குள் நுழைகிறார்கள். கணவனாக நடித்த ஷோபாசக்தி அல்லைப்பிட்டியைச் சேர்ந்தவர். மனைவியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக நடிகை. பிரெஞ்சு ரசிகருக்கு இரண்டும் ஒரே தமிழ். நம்மில் யாராவது கூர்ந்து கேட்டால் இருவருக்கும் இடையிலுள்ள கடலும் காதில் விழும்.

ஊர் கண்டுபிடிப்பது திரையரங்கிலே ஒரு பொழுதுபோக்கு. தெருவிலே அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1983 ஜூலையில் தென்னிலங்கையில் கலகக்காரர் பேருந்துகளை மறித்து, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லும்படி கேட்டார்கள். முதலெழுத்தைச் சிங்களவர் போல அழுத்தி ஒலிக்கத் தெரியாத தமிழர் அந்த ஒரு சொல்லால் உயிரிழந்தார்கள்.

எங்கள் கரையோரத்தின் கதை வேறு. பாண்டிருப்பு தமிழ் ஊர். வடக்கே ஒட்டினாற்போல மருதமுனை, நெசவுக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். 1990க்குப் பிறகு இரண்டு ஊருக்கும் நடுவே பயம் வந்து குடியேறிய நாட்கள் இருந்தன. அந்நாட்களில் ஒருமுறை கொழும்புப் பேருந்தில் மருதமுனை நெசவாளர் ஒருவர் என் பக்கத்தில் இருந்தார். முதல் ஒரு மணி நேரம் இருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு நெல் விலையைப் பற்றிப் பேச்செடுத்தோம். முன் ஆசனத்திலிருந்த கொழும்புக்காரர் திரும்பிப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பமோ?" என்று கேட்டார். நெசவாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருடைய 'வாப்பா', 'உம்மா', 'காக்கா'வையும் என்னுடைய 'அப்பா', 'அம்மா', 'அண்ணன்'னையும் எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் 'மறுகா'வும் 'கா'வும் 'வட்டை'யும் இருவருக்கும் பொதுச் சொத்து. எங்களைப் பிரித்தறிய விரும்புகிறவருக்கு உறவுமுறைச் சொற்கள்தான் உதவும். எங்கள் ஊரைக் கண்டுபிடிக்க விரும்புகிறவருக்கோ மற்றச் சொற்கள் எல்லாம் உதவும்.

ஆகவே நேயர்களே, இனிமேல் நாடகத்திலோ திரையிலோ விளையாட்டிலோ ஒரு பேச்சைக் கேட்டு ஊர் தேடும்போது, எழுதியவர் யார், பழக்கியவர் யார், பேசியவர் யார் என்ற மூன்றையும் விசாரியுங்கள். மூன்றும் மூன்று ஊராக இருந்தால் நீங்கள் தேடுகிற ஊர் அகப்படாது.

பேரனுக்கு இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப மறுகா எண்டு சொல்ற ஆள் ஒராளும் இந்த விளையாட்டில இல்லியா, அம்மப்பா?" என்றான். இல்லை மனே, இன்னும் இல்லை என்றேன். அப்படி ஒரு பாத்திரத்தைப் படைக்க எவராவது முன்வரும்போது காட்டிக்கொடுக்க நம்மிடம் குரல்கள் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு முதியவர்கள் கதைப்பதை ஒரு மணி நேரமாவது கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் உடன் குறித்து வையுங்கள்.